செயலாளரின் ஆண்டறிக்கை: 2024–2025

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு நேரத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வரவிருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அலுமினிய வேலை செய்வோரான நம் சங்கத்தின் செயற்குழு விதிப்படி கூடியது. ஆயுத பூஜை வழக்கம்போல் நடந்தது. சுண்டல் போதவில்லை என்ற புகார் பதிவேட்டில் உள்ளது. உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகங்கள் வழங்கப்பட்டன. ஏற்காடு சுற்றுலா மழையால் தள்ளிப்போனது. பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

இனி, சங்கக் கொட்டகையில் அமைந்திருக்கும் அனோடைசிங் தொட்டி, அதாவது அலுமினியத்தின் மேல் மின்சாரத்தால் காப்புப் படலம் வளர்க்கும் தொட்டி. இதைப் பற்றி டீக்கடையில் பேசப்பட்ட அளவு பொதுக்குழுவில் பேசப்படவில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சேர்வராயன் மலையில் அலுமினியத் தாதுவான பாக்சைட் வெட்டி, மேட்டூரில் 1965 முதல் அலுமினியம் உருக்கிய சேலம் மாவட்டம் இது. அப்படியிருந்தும் கதவு, ஜன்னல் செக்ஷன்களை (அலுமினியச் சட்டங்களை) மேல்பூச்சுக்காக வெளியூருக்கு லாரி ஏற்றிவிட்டு, கீறலோடு திரும்பி வந்ததைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தோம். தொட்டி வைத்த காரணம் இதுதான்.

“சாயம் பூச இத்தனை செலவா?” என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். ஐயா, இது பூச்சே அல்ல. பெயின்ட் மேலே உட்காரும், உரியும். இங்கே அலுமினியத்தையே நேர்மின்முனையாக்கி அமிலத்தில் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்துகிறோம். உலோகத்தின் மேற்பரப்பே ஆக்சைடாக மாறி, பாதிக்கு மேல் உள்நோக்கியும் மீதி வெளிநோக்கியும் வளர்கிறது. தன் தோலைத் தானே தடிப்பாக்கிக்கொள்வதால்தான் உரிவதில்லை. புதிய வித்தையும் அல்ல. 1923-ல் இங்கிலாந்தில் கடல் விமானங்களின் டியூராலுமின் என்ற அலுமினியக் கலவைப் பாகங்களை உப்புநீர் அரிக்காமல் காக்க, குரோமிக் அமிலத்தில் தொடங்கிய வேலை. நாம் பயன்படுத்தும் கந்தக அமில முறைக்கு 1927-ல் காப்புரிமை பெற்றார்கள்.

அடுத்த புகார், மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிபையர் பற்றியது. “பைக் பேட்டரி சார்ஜர் போதாதா?” என்றார்கள். ஒரு சதுர டெசிமீட்டருக்கு ஒன்றரை ஆம்பியர் வேண்டும். ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு 150 ஆம்பியர் ஆகிறது; தகட்டின் இரண்டு பக்கமும் கணக்கில் சேரும். 15 வோல்ட் அளவில் நேர்மின்சாரமாக இதை அரை மணி நேரத்துக்கு மேல் நிலையாகக் கொடுத்தால்தான் 15 மைக்ரான் படலம் வளரும். சார்ஜரை மாட்டினால் சார்ஜர்தான் கருகும்.

கரைசலைக் குளிரவைக்கும் சில்லர் வாங்கியதற்கு என்னை ஏசாதவர்கள் குறைவு. லிட்டருக்கு 180 கிராம் அமிலம் கலந்த கரைசல் 20 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். மின்சாரம் பாயும்போது தொட்டி தானாகவே சூடாகும். வெளியே சேலத்துச் சித்திரை வெயில். கரைசல் சூடேறினால் வளர்கிற படலத்தை அமிலமே கரைக்கத் தொடங்கும். விரலால் தேய்த்தால் மாவாக வரும். காற்றுக்குழாய் வழியாகக் கரைசலைக் கலக்கிவிடுவதும் இதற்காகத்தான். மீன் வளர்க்க அல்ல.

எதிர்மின்முனைக்கு ஈயத் தகடு, பொருளைக் கவ்வித் தொங்கவிட டைட்டானியம் ஜிக். அலுமினிய ஜிக் மலிவுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் அதன் மேலும் ஆக்சைடு படியும். ஆக்சைடு மின்சாரத்தை விடாது. காஸ்டிக் சோடாக் கரைசலில் முக்கிச் சுரண்டினால்தான் மறுபடி உதவும். ஜிக்கும் தேய்ந்துகொண்டே போகும். ஜிக் கடித்த இடத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு விழும். அதைத் தவிர்க்க வழியில்லை, கண்ணில் படாத ஓரத்தில் மாட்டச் சொல்கிறோம். கைப்பிடியின் நடுமுகத்தில் மாட்டிவிட்டுப் பொட்டு விழுந்தது என்று சண்டைக்கு வந்தவருக்கு இதற்கு மேல் பதில் இல்லை.

இன்னொருவர் இரும்புத் திருகைக் கழற்றாமலே கீலை அனுப்பினார். திருகை அமிலம் தின்றது, கரைசல் கெட்டது. வேறொருவர் வார்ப்புக் கைப்பிடிகளைக் கொண்டுவந்து, ஏன் சாம்பல் நிறம் என்று கேட்டார். வார்ப்பில் சிலிக்கான் அதிகம். அது ஆக்சைடாகாமல் அப்படியே நிற்கும். 6063 ரக அலுமினியக் கலவையில் செய்த செக்ஷன் கொடுத்தால் வெள்ளி போல வரும்.

எண்ணெய் நீக்கி, காஸ்டிக்கில் அரித்து, படிந்த கருமையை நைட்ரிக் அமிலத்தில் போக்கி, ஒவ்வொன்றுக்கும் இடையில் அலசி, பிறகுதான் முக்கியத் தொட்டி. கடைசியில் வருவது சீலிங், அதாவது துளைகளை அடைப்பது. படலம் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். சாயம் அவற்றில்தான் இறங்குகிறது. கொதிநீரில் வைத்தால் ஆக்சைடு நீரை ஏற்று உப்பித் துளைகளை அடைக்கும். மைக்ரானுக்கு இரண்டு மூன்று நிமிடம். இதற்குப் போர் தண்ணீர் உதவாது, உப்பு நீக்கிய நீர் வேண்டும். தண்ணீருக்குக்கூடப் பில்லா என்று கேட்ட பொருளாளர் கவனிக்கவும்.

செயல்விளக்க நாளில் நாற்காலிகள் நிறைய வந்தன, உறுப்பினர்கள் வரவில்லை. வந்திருந்த சிலருக்கு முன்னால், முடித்த கைப்பிடியின் மேல் மல்டிமீட்டர் முனைகள் இரண்டையும் வைத்தேன். முள் அசையவில்லை. ஒரு சொட்டுச் சாயம் விட்டுத் துணியால் துடைத்தேன், தடம் இல்லை. சீல் செய்யாத துண்டில் விட்ட சொட்டு ஊதாவாக அங்கேயே தங்கிவிட்டது. அந்த இரண்டு துண்டுகளும் அலுவலக அலமாரியில் உள்ளன. குறை சொல்பவர்கள் முதலில் அவற்றைப் பார்க்கலாம்.

கழிவு பற்றி: அமில அலசலையும் காஸ்டிக் அலசலையும் சேர்த்து, சுண்ணாம்பு இட்டுச் சமப்படுத்தி, வண்டலைத் தனியே பிரிக்கிறோம். திருமணிமுத்தாற்றின் கதி எல்லோருக்கும் தெரியும். அதில் நம் பங்கு சேரக்கூடாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவைப் புதுப்பிக்கும் கட்டணமும் சங்கத்தின் செலவுதான்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மொத்தத்தில் வரவு செலவைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. தொட்டிக்கான தனிக்கணக்கு தயாராகிக்கொண்டிருக்கிறது. சந்தா நிலுவை சென்ற ஆண்டைவிடக் கூடியிருக்கிறது. பெயர்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம் என்றேன். மாமன் மச்சானுக்குள் மனக்கசப்பு வேண்டாம் என்று தலைவர் தடுத்தார். பட்டியல் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. சந்தா கட்டாதவர்களின் செக்ஷன்கள்தான் தொட்டிக்கு முதலில் வந்து நிற்கின்றன என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

அடுத்த ஆண்டு வெண்கல நிறம் வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். நம் சாயங்கள் உள்ளறைக்குச் சரி, வெயிலில் பல வெளிறும். ஜன்னலுக்கு நிற்கும் வெண்கல நிறத்தை வெள்ளீய உப்பு போன்ற உலோக உப்புக் கரைசலில் மாறுமின்சாரம் செலுத்திப் பெறுவதுதான் வழக்கம். அதற்கு இன்னொரு தொட்டி, இன்னொரு மின்கருவி. எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர்கள் உறுப்பினர்கள்.

செயலாளர் பதவியில் ஒட்டிக்கொள்ளும் ஆசை எனக்கு இல்லை. அமில அடர்த்தி அளக்கக் கற்க முன்வருபவரிடம் கொட்டகைச் சாவியை இன்றே கொடுக்கத் தயார். சென்ற பொதுக்குழுவிலும் இதையே சொன்னேன்.

தலைவருக்கும், பொருளாளருக்கும், தணிக்கையாளருக்கும், மின்வெட்டு நேரத்தில் ஜெனரேட்டர் தந்த உறுப்பினருக்கும் நன்றி. வெண்கலத் தொட்டிக்குப் பங்கு எழுதும் ஏடு வாசல் மேசையில், சாப்பாட்டு டோக்கன் கொடுக்கும் இடத்துக்கு முன்னால் வைக்கப்பட்டிருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்