விளக்கம் சொல்லாமல் இரத்தம் எடுக்க விடாதீர்கள்

வடமாகாண சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஊர் மருத்துவ முகாம்களில் ஆண்களுக்குப் புறொஸ்ரேற் (சலப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) புற்றுநோய்க்கான பி.எஸ்.ஏ பரிசோதனை, அதாவது அந்தச் சுரப்பியிலிருந்து வரும் ஒரு புரதம் இரத்தத்தில் எவ்வளவு என்று பார்ப்பது, எப்படி நடக்கிறது என்பது நீங்கள் அறியாததல்ல. விளக்கம் சொல்லாமல் அதற்கு இரத்தம் எடுக்க விடாதீர்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

என் பெரியப்பாவுக்கு 74 வயது. பிரஷர் பார்க்கப் போனவரிடம் இரத்தமும் எடுத்தார்கள். எதற்கென்று ஒருவரும் சொல்லவில்லை. பிறகு முழுக்க ஆங்கிலத்தில் ஒரு துண்டு வந்தது, 9.1 என்ற எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பக்கத்து வீட்டுப் பெடியன் போனில் தேடிப் பார்த்துவிட்டு "கான்சராம்" என்றான். அன்றோடு பெரியப்பா தோட்டத்துக்குத் தண்ணி மாறப் போகவில்லை. காணி உறுதியை எடுத்து வைத்துக்கொண்டு நொத்தாரிசைக் கூப்பிடச் சொன்னார். உண்மையில் அவருக்கு இருந்தது சலக்கடுப்பு. சலத்தில் கிருமி இருந்தாலும், வயதோடு சுரப்பி பெருத்தாலும் அந்த எண் ஏறும். இரத்தம் எடுக்க முன்னம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! கிருமிக்கு மருந்து குடித்து, சில கிழமை கழித்துப் பார்க்க எண் இறங்கிவிட்டது. அதுவரை அந்த வீட்டில் ஒருவருக்கும் நித்திரையில்லை.

பரிசோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதுகு நோவென்று எண்ணெய் பூசிக்கொண்டிருந்துவிட்டு, புற்று எலும்புக்குப் பரவிய பிறகு தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். ஐரோப்பாவில் 23 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வின் முடிவு 2025இல் வந்தது: பரிசோதனைக்கு அழைத்த 456 ஆண்களுக்கு, புறொஸ்ரேற் புற்றால் வரும் ஒரு மரணம் தவிர்ந்திருக்கிறது. அந்த ஓர் உயிரும் பெரிதுதான். ஆனால் உயிருள்ளவரை தொல்லையே தராத புற்றையும் இது காட்டிக்கொடுக்கும்; அதற்குச் சத்திரசிகிச்சை செய்து, சலத்தை அடக்க முடியாமல் அவதிப்படுகிறவர்களும் உண்டு. அதனால்தான் அமெரிக்க நிபுணர் குழு 2018இல், 55 முதல் 69 வயதுவரை மருத்துவரோடு கதைத்து அவரவர் முடிவெடுக்கட்டும், 70 தொட்டவர்களுக்கு வழமையாகச் செய்ய வேண்டாம் என்றது. 74 வயதுக்காரரிடம் எந்த முறையில் எடுத்தார்கள்?

முகாம் நடத்துகிறவர்கள் படம் எடுத்து முகநூலில் போட்டதோடு போய்விடுகிறார்கள். துண்டோடு அலைவது எங்கள் வயோதிபர்கள். சலப் பிரச்சினையை மனைவியிடம் சொல்லவே கூச்சப்படுகிறவர்கள், யாரிடம் போய்க் கேட்பார்கள்?

தயவுசெய்து முகாம்களுக்கு ஒரு நிபந்தனை போடுங்கள். நன்மை தீமை இரண்டையும் தமிழில் சொல்லி, சம்மதம் கேட்ட பிறகே இரத்தம் எடுக்க வேண்டும். எண் கூடினால் எந்தக் கிளினிக்குக்கு, எந்த நாளில் வருவதென்று துண்டிலேயே தமிழில் எழுத வேண்டும். ஆனியில் அடுத்த முகாம் என்று வாசிகசாலையில் அறிவித்தல் ஒட்டியாயிற்று. அதற்கு முன்னர் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
வலிகாமத்திலிருந்து ஒரு பெறாமகள்