வெப்பம் தாங்கும் கறவை இனத்துக்குச் சினை ஊசி வேண்டி மனு

பெறுநர்:
மாவட்டக் கால்நடை மருத்துவ அதிகாரி,
கால்நடை சேவைத் துறை,
கோலகங்சார், பேராக்.

அனுப்புநர்:
சுங்கை சிப்புட் தோட்டப்புற மாடு வளர்ப்போர்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முன்பு ரப்பர் பால்மரமும் இப்போது எண்ணெய்ச் செம்பனையும் நிற்கும் தோட்டங்களின் ஓரத்தில் மூன்று தலைமுறையாகக் கறவை மாடு வளர்த்து, வீட்டுக்கு வீடு பால் ஊற்றியும், தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்போருக்குக் கறந்து கொடுத்தும் வாழும் 11 குடும்பங்களின் சார்பில் இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம். எங்கள் பசுக்களுக்கு இனி குளிர்நாட்டு இனமான ஃப்ரீசியன் கலப்பு மிகுந்த சினை ஊசிக்கு (செயற்கைக் கருவூட்டலுக்கு)ப் பதிலாக, வெப்பம் தாங்கும் சாஹிவால் இனத்தின் அல்லது இந்தியாவிலிருந்து வந்து இந்நாட்டிலேயே பெருகிய உள்நாட்டு இந்தியக் கறவை இனத்தின் காளை ஊசி கிடைக்க ஏற்பாடு செய்யுமாறு வேண்டுகிறோம்.

ஃப்ரீசியன் கலப்பு எங்கள் மீது திணிக்கப்பட்டதல்ல. பால் கூடும் என்று நாங்களே கேட்டு வாங்கியது. மழைக் காலத்தில் அது கூடவும் செய்தது. ஆனால் 2024 ஏப்ரல் வெயிலில் அந்த மாடுகள் தீவனத்தை விட்டு ஒதுங்கி, வாயைத் திறந்து, எச்சில் ஒழுக, நிமிடத்துக்கு 80 முறைக்கு மேல் மூச்சு வாங்கியதைக் கண்டு எங்கள் வீட்டுப் பெண்கள் இரவெல்லாம் உறங்காமல் தண்ணீர் ஊற்றினார்கள். அதே கொட்டகையில், எங்கள் முன்னோர் கப்பலில் வந்த காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த மாடுகளின் வழிவந்த பழைய பசு, அசைபோட்டபடி படுத்திருந்தது. அதன் தளர்ந்த தோலும், கழுத்தடியில் தொங்கும் அலைதாடியும், குட்டை மயிரும், நன்கு வியர்க்கும் இயல்பும் உடற்சூட்டை வெளியேற்றுகின்றன. பால் குறைவு என்பதால் உடலுக்குள் உண்டாகும் சூடும் குறைவு. மூச்சு வாங்கும் ஃப்ரீசியன் கலப்பு மாடு இழப்பதோ எச்சிலை மட்டுமல்ல, வயிற்றின் புளிப்பைத் தணிக்கும் உப்பையும்தான். அதனால் செரிமானம் கெட்டுப் பாலில் கொழுப்புக் குறைகிறது. ஊசி போட்டாலும் சினை நிற்பதில்லை.

வானிலைத் துறையின் முதற்கட்ட வெப்ப எச்சரிக்கை, மூன்று நாள் தொடர்ந்து 35 டிகிரி எட்டினால்தான் வருகிறது. ஈரக்காற்று மிகுந்த நம் ஊரில் அதிகம் கறக்கும் மாட்டுக்கு 30 டிகிரிக்குக் கீழேயே தொல்லை தொடங்கிவிடுகிறது. தின்ற சில மணி நேரத்தில் வயிற்றில் சூடு ஏறும் என்பதால் தீவனத்தை மாலைக்கு மாற்றியிருக்கிறோம். தகரக் கூரைமேல் ஓலை பரப்பியிருக்கிறோம். அதற்கு மேல் எங்களால் இயன்றது ஏதுமில்லை.

நிழலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மாடுகள் நண்பகலில் ஒதுங்கி நின்ற முதிர்ந்த செம்பனைகள் மறுநடவுக்காக வெட்டப்பட்டுவிட்டன. இளங்கன்றுகளை மாடு மேய்ந்துவிடும் என்று தோட்ட நிர்வாகம் அஞ்சுவது நியாயமே. ஆயினும் இன்னும் வெட்டப்படாத பகுதியில், ஆள் காவலுடன், 11 மணி முதல் 4 மணி வரை மட்டும் மாடுகளை நிறுத்த அனுமதி கிடைக்கத் தாங்கள் நிர்வாகத்திடம் பேசி உதவ வேண்டும்.

பசுவின் சினைப்பருவ அறிகுறி கண்டு 12 மணி நேர அளவில் ஊசி போட வேண்டியிருப்பதால், நாங்கள் கேட்கும் இன ஊசியைக் கோலகங்சாரிலேயே இருப்பில் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். இன்று போடும் ஊசியில் பிறக்கும் கிடேரி பால் தர ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆகும். ஆகவே, அடுத்த வெயில் காலத்துக்கு முன் தாங்கள் எங்கள் கொட்டகைகளைப் பார்வையிட்டு முடிவு செய்ய வேண்டுகிறோம். பால் கணக்கு நோட்டுகளும் ஊசி அட்டைகளும் தயாராக உள்ளன.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
சுங்கை சிப்புட் தோட்டப்புற மாடு வளர்ப்போர்