அம்மாவுக்கு, எடின்பரோவிலிருந்து

எடின்பரோ,
மாசி 14

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். அங்கே நீ, அப்பா, ஆயா, தம்பி, அவன் வீட்டுக்காரி எல்லோரும் நலமா?

கேழ்வரகு மாவுப் பைக்குள் நீ மடித்து வைத்திருந்த கடிதத்தைக் காரிமங்கலத்து அண்ணன் கொண்டுவந்து கொடுத்து ஒரு மாதம் ஆகப்போகிறது. இத்தனை நாள் பதில் போடாதது என் தப்புதான். போனில் பேசினால் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதிலேயே நேரம் போய்விடுகிறது. நீ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். அதற்குக் கையால் பதில் எழுதினால்தான் எனக்கு மனசு ஆறும்.

குளிர் எப்படி என்று கேட்டிருந்தாய். தளிப் பெரியம்மா வீட்டுக்கு மார்கழியில் போனால் பல் கிட்டிக்கொள்ளுமே, அந்தக் குளிர் வெயில் ஏறியதும் போய்விடும். இங்கே வெயில் அடித்தாலும் குளிர் அப்படியே நிற்கிறது. டிசம்பரில் காலை எட்டரைக்கு மேல்தான் விடிந்தது, நாலு மணிக்கு முன்பே இருட்டிவிட்டது. இப்போது ஐந்தரை வரை வெளிச்சம் இருப்பதே பெரிய நிம்மதி. ஹீட்டரை மாலையில் இரண்டு மணி நேரம் மட்டும் போடுகிறோம். நாள் முழுக்க ஓடினால் தொண்டை வறண்டுவிடுகிறது, அதனால்தான். வேறொன்றும் நினைக்காதே.

நீ அனுப்பிய மாவில் வாரம் இரண்டு நாள் களி கிண்டுகிறேன். கீழ்வீட்டுப் பாட்டியைப் பற்றிச் சொல்லியிருந்தேனே, மாடிப்படி கழுவும் முறை என்னுடையது என்று கதவில் அட்டையை மாட்டிவிட்டுப் போனவர், அவருக்கும் ஒரு நாள் ஓர் உருண்டை கொடுத்தேன். கருவாட்டுக் குழம்பெல்லாம் வேண்டாம் என்று வெண்ணெய் வைத்துச் சாப்பிட்டார். அப்புறம் தன் அடுப்படிக்குக் கூட்டிப்போய் ஒரு மரக்குச்சியை எடுத்துக் காட்டினார். ஓட்ஸ் கஞ்சியை அதைக்கொண்டுதான் கிண்டுவாராம், உப்பு போட்டுத்தான் குடிப்பாராம். நம் களித் துடுப்புக்குத் தம்பி மாதிரி இருந்தது.

அவருக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. வடக்கே கடலுக்கு நடுவில் இருக்கிற ஷெட்லாந்து தீவுக்காரர். அந்த ஊர்ப் பெண்கள் பின்னும் சால்வை ஒன்று, கல்யாண மோதிரத்துக்குள் நுழைத்து இழுத்தால் மறுபக்கம் வந்துவிடும், அவ்வளவு மெல்லிசு. இவர் பின்னும்போது இடுப்பில் ஒரு தோல் பெல்ட் கட்டிக்கொள்வார். உள்ளே குதிரை மயிர் திணித்து, மேலே ஓட்டை ஓட்டையாக இருக்கும். ஊசியின் பின்முனையை அதில் குத்திவிட்டால் ஊசியின் பாரம் கையில் விழாது. இப்போது விரல் மூட்டெல்லாம் வீங்கிப்போய் அவரால் பின்ன முடிவதில்லை. பெட்டி நிறைய நூல் மட்டும் வாங்கி வைத்திருக்கிறார். கையால் சாயம் தோய்த்த நூல், வளையமாகச் சுற்றி முறுக்கிய 100 கிராம் சிட்டம் ஒன்று 25 பவுண்டு வரை விற்கிறது. ஐந்து சிட்டத்தை எடுத்து என் மடியில் வைத்து, "மூன்றில் எனக்கு ஒரு சால்வை பின்னிக் கொடு, இரண்டு உனக்கு" என்றார்.

சிட்டத்தை அப்படியே பின்ன முடியாது, உருண்டையாகச் சுற்ற வேண்டும். இரண்டு கையையும் நீட்டி அதை மாட்டிக்கொண்டு நான் அவர் எதிரே உட்கார்ந்தேன். அவர் மெதுவாகச் சுற்றச் சுற்ற என் மணிக்கட்டில் நூல் வலம், இடம் என்று நழுவிப் போனது. 400 மீட்டர், முக்கால் மணி நேரம் ஆனது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை. அந்த நிறத்தை நீ பார்க்க வேண்டும் அம்மா. மாந்தளிர். செம்பு நிறத்தில் தொடங்கி, நடுவில் மங்கி, இளம்பச்சையில் முடிகிறது. வினிகர் கலந்த சுடுதண்ணீரில் சாயத்தை இங்கொரு கை அங்கொரு கை விட்டுத் தோய்ப்பார்களாம். ஒரே பாத்திரத்தில் வெந்தாலும் ஒரு சிட்டம் போல இன்னொன்று இருக்காது. அதனால் இரண்டு வரி ஓர் உருண்டையில், அடுத்த இரண்டு வரி மற்றதில் என்று மாற்றி மாற்றிப் பின்னச் சொன்னார். இல்லாவிட்டால் சால்வை பாதியில் வெட்டு விழுந்த மாதிரி தெரியும்.

கையில் மாட்டியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. கம்பளியில் அந்த மினுமினுப்பு வராது. சீட்டைத் திருப்பிப் பார்த்தேன், பாதி மெரினோ ஆட்டுக் கம்பளி, பாதி மல்பெரிப் பட்டு என்று போட்டிருந்தது. எங்கள் வீட்டில் இந்தப் பட்டுப்புழுவை வளர்க்கிறோம், ஒரு கூட்டுக்குள் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் இழை இருக்கும் என்று சொன்னேன். பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. அந்துப்பூச்சி வந்தால் கம்பளியெல்லாம் போச்சு என்று அவர் பெட்டிக்குள் லாவெண்டர் பூவைப் போட்டு வைக்கிறார். நமக்கும் பூச்சி கூட்டைத் துளைத்துவிட்டால் போச்சுதானே. பட்டு கலந்த நூல் இழுத்தால் மறுபடி சுருங்காது, கண்ணியை இறுக்கமாகப் போடு என்று தினமும் சொல்கிறார்.

மாலை வேலை முடிந்து வந்து பின்னுவேன். இப்போது சனி, ஞாயிறும் வேலைக்குப் போகிறேன், வீட்டில் சும்மா இருக்க வேண்டாமே என்று. உன் மாப்பிள்ளைக்கு இந்த மாதம் வீட்டில் இருந்தபடிதான் வேலை. அதனால் சமையலை அவரே பார்த்துக்கொள்கிறார்.

போன வாரம் ஒரு ராத்திரி, ஜன்னலில் சிலுசிலுவென்று மழை. ஐந்தாம் பருவத்துப் புழு தழை தின்கிற சத்தம் அம்மா, அதே சத்தம். தூக்கத்திலேயே எழுந்து, கடைசித் தழை போட நேரமாகிவிட்டது என்று காலைக் கீழே வைத்துவிட்டேன். தரை ஐஸாக இருந்தது. அப்புறம் விடியும் வரை தூக்கம் வரவில்லை. காவேரிப்பட்டினத்தில் மயானக் கொள்ளை முடிந்திருக்கும். தோட்டத்து மாமரம் பூ வைத்திருக்கும். உன் புடவையில் தழை வாசனை அடிக்கும். எனக்கு எல்லாமும் வேண்டும் போல இருந்தது.

என் இரண்டு சிட்டத்தில் உனக்குத்தான் சால்வை. பாதிக்கு மேல் ஆகிவிட்டது. ராத்திரி புழு மனைக்குப் போகும்போது போர்த்திக்கொள். பீரோவில் பூட்டி வைக்காதே.

சித்திரையில் தம்பி வீட்டுக்காரியின் வளைகாப்புக்கு வரச் சொல்லி எழுதியிருந்தாய். லீவு கிடைக்கவில்லை. நாத்தனார் போட வேண்டிய முதல் வளையலைச் சின்னம்மா மகள் போடட்டும், அவளிடம் பேசிவிட்டேன். வெயில் ஏறிவிட்டால் புழு மனை ஜன்னலில் ஈரச் சாக்கு கட்ட மறக்காதே. புழுவைக் கெடுக்கிற ஊசி ஈ உள்ளே வராமல் கட்டிய வலையில் போன தடவையே இரண்டு இடம் கிழிந்திருந்தது, தம்பியைத் தைக்கச் சொல். கூட்டை ராம்நகருக்குக் கொண்டுபோக வேண்டாம், தர்மபுரி ஏலத்திலேயே போடச் சொல்லி அப்பாவிடம் சொல். கிலோவுக்குக் கொஞ்சம் கூடக் கிடைத்தாலும் வண்டி வாடகையில் போய்விடும்.

பட்டா மாறுதலுக்குச் சித்தப்பா என் கையெழுத்து கேட்டாராமே. புழுவுக்குத் தழை பறிக்கிற முசுக்கொட்டை இருக்கிற கிழக்குப் பக்கத்தை அளந்து கல் நட்ட பிறகு போடுகிறேன். அதற்கு முன்னால் அப்பாவும் போட வேண்டாம். ஆயா கண்ணுக்குச் சொட்டு மருந்து இரண்டு வேளையும் விடுகிறீர்களா? அடுத்து யாராவது வந்தால் களித் துடுப்பு இரண்டு கொடுத்தனுப்பு, ஒன்று பாட்டிக்கு.

உன் பெரியவள்

பி.கு: பாலக்கோட்டில் அடகு வைத்த என் வளையல் நாலையும் இப்போது மீட்க வேண்டாம். வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்துவிடு. ஆனியில் பணம் அனுப்புகிறேன். இது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.