பதினான்காம் அறைக்காரனுக்கு

கானாடுகாத்தான்
ஐப்பசி 12

அன்புள்ள பதினான்காம் அறைக்காரனுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. மில் அலுவலகத்தில் எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் தரவுத்தளம் நிறுவியாகிவிட்டது, ஆனால் அதில் இருப்பதை உலாவியில் காட்டும் கிபானாவைத் திறந்தால் ‘சர்வர் இன்னும் தயாராகவில்லை’ என்ற ஒரே வரியைக் காட்டிக்கொண்டு நிற்கிறது என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியோடு நானும் மூன்று நாள் குடித்தனம் நடத்தியவன். அதனால் ஊர்க் கதையைச் சுருக்கிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

ஊர்க் கதை இவ்வளவுதான்: அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மழை பிடித்துக்கொண்டது, முற்றத்தில் தண்ணீர் சலசலவென்று விழுகிறது. மேல்மாடியில் ஒழுகுகிற இடத்தில் நாலு ஓடு மாற்ற வேண்டும். ஆனால் வீட்டுக்குப் பதினேழு பங்கு. பதினேழு பேரும் தலையாட்டினால்தான் ஓட்டுக்காரர் ஏணியில் கால் வைக்க முடியும். எனக்கு இந்த வேலை வந்து சேர்ந்ததும் அந்தப் பதினேழு பங்கால்தான். வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய அறைகளில், பூட்டிக் கிடக்கும் பெட்டகம், மங்குச் சாமான், பித்தளை அண்டா, ரங்கூன் கணக்குப் பேரேடு எல்லாவற்றையும் படம் எடுத்து, எந்த அறை, யார் பங்கு என்று எலாஸ்டிக்சர்ச்சில் ஏற்றிவிட்டால், சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே தேடிப் பார்க்கலாம் என்று நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். நாலாயிரத்துச் சொச்சம் சாமான்கள் ஏறியிருக்கின்றன.

என் தவறு எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். கிபானாவை ஒரு கண்ணாடி என்று நினைத்தேன். தரவுத்தளத்துக்கு முன்னால் வைத்தால் உள்ளே இருப்பது தெரியும் என்று. அது தனி சர்வர். அதற்கென்று ஒரு பயனர் கணக்கு, ஒரு சாவி, தன் நினைவுகளை எழுதி வைக்கத் தரவுத்தளத்துக்குள்ளேயே சில அட்டவணைகள், இத்தனையும் உண்டு. இதில் ஒன்று குறைந்தாலும் அது எழுந்திருக்காது. காரணத்தையோ திரையில் சொல்லாது, பதிவில்தான் (லாக் கோப்பில்தான்) எழுதும். நான் பதிவைத் திறந்ததே மூன்றாம் நாள்தான்.

உன்னிடம் முதலில் கேட்க வேண்டியது: அமைப்புக் கோப்பில் எலாஸ்டிக்சர்ச்சின் முகவரியை எப்படி எழுதியிருக்கிறாய்? 2022-இல் வந்த எட்டாம் பதிப்பிலிருந்து பாதுகாப்பு தானாகவே இயங்குகிறது. 9200 போர்ட்டில் எச்டிடிபிஎஸ் இல்லாமல் பேச்சே கிடையாது. நான் பழைய பழக்கத்தில் வெறும் எச்டிடிபி என்று எழுதியிருந்தேன். ஓர் ‘எஸ்’ போனதற்கு ஒரு நாள் போயிற்று. முகவரியைத் திருத்தியபின், எலாஸ்டிக்சர்ச் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழை நம்பலாம் என்று சொல்ல, நிறுவும்போது அது உண்டாக்கிய சிஏ கோப்பு (சான்றளிப்பவரின் சான்றிதழ்) இருக்கும் இடத்தையும் காட்ட வேண்டும்.

இரண்டாவது, பயனர் பெயர். ‘எலாஸ்டிக்’ என்ற தலைமைக் கணக்கைக் கொடுத்தால் கிபானா மறுத்துவிடும். அதற்கென்றே ‘கிபானா_சிஸ்டம்’ என்று ஒரு கணக்கு இருக்கிறது, அதற்குக் கடவுச்சொல் போட்டுக் கொடு. இந்த இரண்டு தொல்லையும் வேண்டாம் என்றால் கிபானாவை எலாஸ்டிக்சர்ச்சோடு சேர்த்துவைக்கும் டோக்கன் ஒன்றை எலாஸ்டிக்சர்ச்சில் உண்டாக்கிக் கிபானாவில் ஒட்டிவிடலாம், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். டோக்கனுக்கு ஆயுள் முப்பது நிமிடம். நான் உண்டாக்கி வைத்துவிட்டு அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போய்த் திரும்பினேன், செத்துக் கிடந்தது.

மூன்றாவது, பதிப்பு. எலாஸ்டிக்சர்ச்சை நகரவிடாமல் பிடித்து வைத்துவிட்டுக் கிபானாவை மட்டும் புதுப்பித்துவிடாதே. பிள்ளை அப்பனைவிட மூத்தவனாக இருக்க முடியாது என்று வைத்துக்கொள். எப்போதும் எலாஸ்டிக்சர்ச் முதலில், கிபானா பிறகு.

எழுந்து உட்கார்ந்த பிறகு நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கிபானா தன் இயந்திரத்துக்குள்ளேயே, 5601 போர்ட்டில் மட்டும் காது கொடுக்கும். சிங்கப்பூர் அண்ணன் பார்க்க வேண்டுமே என்று ‘சர்வர்.ஹோஸ்ட்’ என்ற வரியில், வெளியிலிருந்து யார் வந்தாலும் கேள் என்று பொருள்படும் நான்கு சுழியம் (0.0.0.0) போட்டு, ரவுட்டரிலும் போர்ட்டைத் திறந்துவிட்டுத் தூங்கப் போனேன். எங்கள் வீட்டில் வாசலில் நின்றால் கொல்லைக் கதவு வரை ஒரே நேர்கோட்டில் தெரியும், உனக்குத் தெரியுமே. ஆனால் வந்தவர் யாராக இருந்தாலும் முதலில் முகப்பில்தான் உட்காருவார். நானோ அன்று இரவு முகப்பே இல்லாமல் வீட்டைத் திறந்து போட்டேன். காலையில் பதிவைப் பார்த்தால், முன்பின் தெரியாத முகவரிகள் வரிசையாக வந்து கதவைத் தட்டிப் பார்த்திருந்தன. கடவுச்சொல் இருந்ததால் தப்பினேன். 2017 ஜனவரியில் கடவுச்சொல் இல்லாமல் திறந்து கிடந்த எலாஸ்டிக்சர்ச் சர்வர்கள் ஆயிரக்கணக்கில் துடைக்கப்பட்டு, பணம் கேட்டுச் சீட்டு எழுதி வைக்கப்பட்டது நினைவிருக்கிறதா?

இப்போது கிபானா உள்ளேயே இருக்கிறது. முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வாயில்காப்பு சர்வர் உட்கார்ந்து, சான்றிதழோடு வருகிறவரை மட்டும் உள்ளே விடுகிறது. தளத்தின் முகவரிக்குப் பின்னால் ‘/வீடு’ என்பதுபோல் ஒரு பாதை வைத்துத் தர நினைத்தேன். வெள்ளைப் பக்கம்தான் வந்தது. ‘பேஸ்பாத்’ என்ற வரியில் அந்தப் பாதையைச் சொல்லியாக வேண்டும்: தொடக்கத்தில் சாய்கோடு வேண்டும், முடிவில் கூடாது. ‘ரீரைட்பேஸ்பாத்’ என்பதையும் என்ஜின்எக்ஸ் பாதையை வெட்டி அனுப்புகிறதா, அப்படியே அனுப்புகிறதா என்று பார்த்து வை. அந்த அமைப்புக் கோப்பு ஒய்எம்எல் வகை, அதில் டேப் பொத்தானைத் தொடாதே. முக்காற்புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளி விடு. இதையெல்லாம் உனக்குச் சொல்வதா என்று தோன்றுகிறது, ஆனால் எனக்கே ஒரு மாலை இதில் போயிற்று.

ஐப்பசி மின்வெட்டு இன்னொரு பாடம் கற்பித்தது. ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வந்ததும் எல்லோரும் வெளியே தள்ளப்பட்டார்கள். “மறுபடியும் கடவுச்சொல் கேட்கிறது தம்பி” என்று சிங்கப்பூரிலிருந்து தொலைபேசி. உள்ளே வந்தவர்களின் அமர்வுக்கான சாவியை நாம் கொடுக்காவிட்டால் கிபானா ஒவ்வொரு முறை எழும்போதும் புதிதாக ஒன்றைத் தானே செய்துகொள்கிறது; பழைய சாவியில் தொடங்கிய அமர்வு எதுவும் செல்லாது. முப்பத்திரண்டு எழுத்துக்குக் குறையாமல் நிலையான சாவி ஒன்றை எழுதி வைத்தேன், தொலைபேசி நின்றது. சாவிகளை உண்டாக்கித் தரும் சிறு கருவியும் கூடவே வருகிறது.

பங்காளி விஷயம்தான் சிக்கல். கிபானாவில் ‘ஸ்பேஸ்’ என்று தனித்தனி அறைகள் போடலாம். பதினேழு அறை போட்டுவிட்டு, ஒருவர் பங்கு மற்றவருக்குத் தெரியாது என்று நிம்மதியாக இருந்தேன். அந்த அறைகள் வரைபடங்களையும் பலகைகளையும்தான் பிரிக்கும், தரவைப் பிரிக்காது. ஒரே அட்டவணைக்குள் இன்னாருக்கு இந்த வரி மட்டும் என்று பிரிக்கும் வசதிக்குப் பணம் கட்ட வேண்டும். பங்குக்கு ஓர் அட்டவணை என்று உடைத்து, ஒவ்வொருவருக்கும் அவருடையதைப் படிக்க மட்டும் உரிமை கொடுத்தேன். கணக்குப் பேரேடுகள் பொது, அவற்றை எல்லோரும் பார்க்கலாம். பார்த்துவிட்டு யாருடைய ஐயா யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்று சண்டை போடுகிறார்கள், அது வேறு கதை.

படங்களையும் அதே வட்டில் கொட்டினேன், வட்டு நிரம்பிற்று. 95 சதவீதத்தைத் தாண்டியதும் எலாஸ்டிக்சர்ச் அட்டவணைகளை வெறும் படிப்புக்கு மட்டும் என்று பூட்டிவிடும். ஏதாவது சேமிக்கப் போனால் கிபானாவும் திணறும். படங்களை வேறு வட்டுக்கு நகர்த்தினேன், பூட்டு தானாகத் திறந்துகொண்டது.

ஓபன்சர்ச் எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். 2021-இல் உரிமத் தகராற்றில் எலாஸ்டிக்சர்ச்சிலிருந்து பிரிந்த கிளை அது, தொடங்கியது 7.10.2 பதிப்பிலிருந்து. அதற்குத் தனி டாஷ்போர்டு உண்டு, போர்ட்டும் அதே 5601. தாராளமாக எடு. ஆனால் ஒன்றின் முகப்பை மற்றொன்றின் வளவோடு ஒட்டாதே. இந்த எலாஸ்டிக்சர்ச்சுக்கு விதையே, ஷே பானன் என்பவர் லண்டனில் சமையல் படித்த தன் மனைவிக்காகத் தொடங்கிய சமையல் குறிப்புத் தேடல் என்று அம்மாவிடம் சொன்னேன். “அப்பத்தாவின் கந்தரப்பப் பக்குவத்தை அதில் ஏற்றி வை, அதையாவது யாரும் பங்கு கேட்கமாட்டார்கள்” என்றாள்.

திரையைப் படம் எடுத்து அனுப்பாதே. பதிவின் கடைசி இருபது வரிகளை அனுப்பு, கடவுச்சொல் இருந்தால் அழித்துவிட்டு. தீபாவளிக்கு வருகிறாயா என்றும் எழுது. ஒழுகாத அறை ஒன்றின் சாவியைப் பங்காளி ஒருவரிடம் கேட்டு வாங்க வேண்டும், அதற்குப் பத்து நாள் ஆகும்.

அன்புடன்,
உன் பழைய அறைக்காரன்