பாத்திரங்களைத் திருப்பித் தரும்போது

வியாசர்பாடி, புளியந்தோப்பு, ஓட்டேரி, பெரம்பூர்ப் பகுதிகளில் வாழும் பெரியோர்களுக்கும், அண்ணன் அண்ணிமார்களுக்கும், அக்கா தங்கைகளுக்கும், தம்பிகளுக்கும் வணக்கம்.

எங்கள் பந்தே, நம் பௌத்த மடமான விகாரையின் துறவி, தை மாதக் கடைசியில் மறைந்தார். ஏழாம் நாள் தானம் முடிந்து, மூன்றாம் மாதத் தானத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறோம். விகாரையின் பின்கட்டில் நீங்கள் கொடுத்தனுப்பிய பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்த நிலையில் இருக்கின்றன. டிபன் கேரியர்கள், தூக்குகள், மூடி போட்ட கிண்ணங்கள், ஹார்லிக்ஸ் பாட்டில்கள் என்று ஓர் அலமாரி முழுவதும் நிறைந்திருக்கிறது. ஒருவர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது நம் தெருக்களில் வழக்கமில்லை. என்ன வைத்துக் கொடுப்பது என்று பல நாள் யோசித்தேன். கைப்பிடிச் சர்க்கரையும் இந்த மடலும் வைத்துக் கொடுக்கிறேன்.

நான் அவருடைய மகள். அவர் துவராடை உடுத்திய நாளிலிருந்து நானும் உங்களைப் போலவே அவரைப் பந்தே என்றுதான் அழைத்தேன். இந்த மடலில் ஓரிரு இடங்களில் அப்பா என்று எழுதிவிடுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய கதை ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். இளைய தலைமுறைக்கு இது தெரியாது. பிக்குவாக உபசம்பதை, அதாவது முழுத் துறவு, பெற வருபவனிடம் துறவிகளின் சங்கம் சில கேள்விகளைக் கேட்கும். நோய் இருக்கிறதா, இருபது வயது நிரம்பியதா, தாய் தந்தையின் சம்மதம் உண்டா, பாத்திரமும் சீவரம் என்னும் துவராடையும் இருக்கின்றனவா என்ற வரிசையில் 'அனணோசி' என்றும் ஒரு கேள்வி வரும். கடன் இல்லாதவனா என்று பொருள். ஊரில் கடன் வைத்துவிட்டு ஒருவன் காவிக்குள் ஒளிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட விதி. மில் வேலை நின்றுபோன அப்பாவுக்கு அப்போது 18,000 ரூபாய் கடன் இருந்தது. அது என் திருமணத்துக்கு வாங்கிய கடன். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். பாட்டி சம்மதம் கொடுத்துவிட்டாள், வாரத்தில் ஒரு நாளாவது தன் கையால் சோறு வாங்க வர வேண்டும் என்ற நிபந்தனையோடு. கடன்தான் குறுக்கே நின்றது.

அவரோடு தறியில் நின்றவர்கள், தாங்களும் வேலை இழந்தவர்கள், எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடினார்கள். ஒருவர் ஐம்பது கொடுத்தார், ஒருவர் ஐந்நூறு கொடுத்தார். கடன் கொடுத்தவர் வட்டியைத் தள்ளிவிட்டு அசலை மட்டும் எண்ணி வாங்கிக்கொண்டார். 1998-இல் புத்தகயாவில் பத்து பிக்குகள் சூழ நின்று 'கடன் இல்லை' என்று அப்பா சொல்ல முடிந்தது அந்தத் திண்ணையால்தான். அயோத்திதாசப் பண்டிதர் ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிய 1898-க்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து என்று பந்தே மகிழ்ச்சியோடு சொல்வார். ஆனால் அதைவிட அதிகமாக அவர் சொன்னது திண்ணைக் கணக்கைத்தான். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று அவருக்கு மனப்பாடம். அவர்களில் பலர் இன்று இல்லை. அவர்களுடைய பிள்ளைகளுக்கும் பேரப் பிள்ளைகளுக்கும் என் முதல் நன்றி.

புத்தகயாவிலேயே தங்கிவிடலாம் என்று மூத்த பிக்குகள் சொன்னபோதும் அவர் வியாசர்பாடிக்குத் திரும்பியதன் காரணம் எனக்குத் தெரியும். சங்கத்திடம் கடன் இல்லை என்றாரே தவிர, தெருவிடம் கடன் தீர்ந்ததாக அவர் ஒருநாளும் நினைக்கவில்லை.

பிக்கு காசைத் தொடக் கூடாது. விகாரைக்கு வந்த ஒவ்வொரு ரூபாயையும் 27 ஆண்டுகள் நோட்டில் எழுதி வைத்த மருந்துக் கடை அண்ணனுக்கு நன்றி. அந்த நோட்டுகளை நான் பார்த்தேன். ஒரு பக்கத்திலும் அடித்தல் திருத்தல் இல்லை.

மாலைப் பள்ளி உங்களுக்குத் தெரிந்ததே. பந்தே கணக்குச் சொல்லிக் கொடுப்பார். மில்லில் நூல் எண்ணிய கை என்பதால் பின்னம் அவருக்கு விளையாட்டு. ஆனால் தம்ம உரையைவிட, பள்ளியைவிட, அவருடைய காலத்தை அதிகம் தின்றது சான்றிதழ்தான். பௌத்தம் தழுவினால் சாதிச் சான்றிதழ் போய்விடும், சலுகை போய்விடும் என்று நம் பிள்ளைகளைப் பயமுறுத்திய காலம் உண்டு. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை 1990-இல் திருத்தப்பட்டு, பட்டியல் சாதியிலிருந்து பௌத்தத்துக்கு வந்தவர்களுக்கும் அந்த உரிமை உறுதியானது. சட்டம் மாறி இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் ஓர் அலுவலகத்தில் நம் பெண்ணொருத்தியின் விண்ணப்பத்தை மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். பந்தே திருத்தச் சட்டத்தின் நகலை மடியில் வைத்துக்கொண்டு அந்த அலுவலக வராந்தாவில் நான்கு நாள் உட்கார்ந்தார். குரலை உயர்த்தவில்லை. நண்பகலுக்குள் உணவு முடிய வேண்டும் என்பதால் அந்தப் பெண்ணின் தாய் அங்கேயே சோறு கொண்டுவந்து பாத்திரத்தில் இட்டாள். ஐந்தாம் நாள் சான்றிதழ் வந்தது. அந்தப் பெண் இன்று செவிலியர். கடைசி நாட்களில் பந்தேவின் கையில் ஊசி குத்தியவள் அவள்தான். அவளுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கழிவுநீர்க் குழியில் கணவனை இழந்த அக்காவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் குழிக்குள் மனிதனை இறக்குவதைச் சட்டம் தடுக்கிறது. அப்படி இறந்தவரின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. 2023-இல் அதே நீதிமன்றம் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. தீர்ப்பு ஓரிடத்தில் இருக்கும், பணம் வேறிடத்தில் இருக்கும். இரண்டுக்கும் இடையே நடந்து நடந்து பந்தேவின் செருப்பு தேய்ந்தது. கட்டணம் வாங்காமல் வழக்கை நடத்திய வழக்கறிஞர் அம்மாவுக்கு அந்தக் குடும்பத்தின் சார்பில் நானும் கைகூப்புகிறேன்.

பிக்குகளுக்கு மழைவாசம் என்று ஒன்று உண்டு. ஆடிப் பௌர்ணமியை அடுத்துத் தொடங்கி மூன்று மாதம் ஓரிடத்தில் தங்க வேண்டும். அது வடநாட்டு மழையை வைத்து வகுத்த கணக்கு. அங்கே மழைவாசம் நிறைவுறும்போதுதான் நம் சென்னையில் வடகிழக்குப் பருவமழை ஆரம்பிக்கும். அதனால் பந்தே ஐப்பசி பிறந்ததும் 'நமக்கு இனிமேல்தான் மழைவாசம்' என்று சொல்லி அரிசி மூட்டைகளை மேல்தளத்துக்கு ஏற்றச் சொல்லுவார். 2015 வெள்ளத்தில் விகாரை அடுப்பு அணையவில்லை. விறகு தீர்ந்ததும் பக்கத்துத் தேவாலயத்தின் பாதிரியார் உடைந்த பெஞ்சுகளை அனுப்பி வைத்தார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பந்தேவுக்கு நடக்க முடியாது. கால்பந்து ஆடும் தம்பிகள் நால்வர் பிளாஸ்டிக் நாற்காலியோடு அவரைத் தூக்கி மாடியேற்ற வந்தார்கள். 'முதலில் அரிசி' என்றார் அவர். அரிசி ஏறிய பிறகுதான் நாற்காலி ஏறியது. அந்த நேரம் தண்ணீர் தம்பிகளின் மார்பளவு இருந்தது.

அந்தப் புயலுக்குப் பிறகு அவர் எழுந்து நடமாடவில்லை. இனி எழுதப்போவது அந்த ஓராண்டைப் பற்றி. இதற்காகத்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

பிக்குவைப் பெண் தொடுவதில்லை என்பது வழக்கம். மருத்துவத்துக்காகச் செவிலியர் தொடுவதைப் பந்தே மறுக்கவில்லை. ஆனால் அன்றாடக் குளியலுக்கும் மலசலத்துக்கும் அந்த வழக்கத்தைத் தளர்த்த அவர் விரும்பவில்லை. நானும் கேட்கவில்லை. பெற்ற மகள் வாசலில் நிற்க, உள்ளே என் தகப்பனை நீங்கள் குளிப்பாட்டினீர்கள். ஆட்டோ அண்ணன் காலை ஐந்தரைக்கு வருவார். வண்டியை எடுப்பதற்கு முன் பந்தேவைப் புரட்டிப் படுக்க வைத்து, முதுகு துடைத்து, பவுடர் போட்டுவிட்டுத்தான் போவார். இரவில் மாலைப் பள்ளியில் படித்து வளர்ந்த தம்பிகள் முறை வைத்துப் படுத்துக்கொண்டார்கள். மீன் ஏற்றும் வேலைக்கு இரவு இரண்டு மணிக்குக் காசிமேடு போக வேண்டிய தம்பி, போவதற்கு முன் வந்து படுக்கைத் துணியை மாற்றிவிட்டுப் போவான். ஒரு வருடம் படுத்த உடம்பில் ஒரு படுக்கைப் புண் கூட வரவில்லை என்று மருத்துவர் என்னிடம் சொன்னார். அதைக் கேட்டு நான் வாசலில் உட்கார்ந்து அழுதேன். என் கைகள் செய்ய வேண்டிய வேலையை அத்தனை கைகள் செய்திருந்தன.

வயிற்றுப்போக்கால் தன் அழுக்கிலேயே கிடந்த ஒரு பிக்குவைப் புத்தர் பார்த்த நிகழ்ச்சி பிக்குகளின் ஒழுக்க நூலான வினயத்தில் வருகிறது. மற்ற பிக்குகள் அவரைக் கவனிக்காமல் விட்டிருந்தார்கள். புத்தர் தண்ணீர் ஊற்ற, ஆனந்தர் தேய்த்துக் கழுவ, இருவருமாக அவரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். எனக்குப் பணிவிடை செய்ய விரும்புபவன் நோயாளிக்குச் செய்யட்டும் என்று புத்தர் சொன்னது அன்றுதான். பந்தே இதை எத்தனையோ முறை நமக்குச் சொல்லியிருக்கிறார். தாம் சொன்னது தமக்கே நடப்பதைப் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு குறைந்த பிறகும் ஒவ்வொரு முறை தூக்கி உட்காரவைக்கும்போதும் நன்று என்னும் பொருளில் 'சாது' என்று உதடு அசையும்.

சாப்பாட்டைப் பற்றி எழுதினால் மடல் முடியாது. நண்பகலுக்குப் பிறகு அவர் உண்பதில்லை என்பதற்காக உங்கள் அடுப்புகளை அதிகாலையிலேயே பற்ற வைத்தீர்கள். இட்லிக் கடை அக்கா முதல் ஈட்டை அவருக்கென்று எடுத்து வைப்பார். பிரியாணிக் கடை பாய் ஒருமுறை தயங்கித் தயங்கி, 'பந்தே சாப்பிடலாமா?' என்று என்னிடம் கேட்டார். தமக்காகக் கொன்றது என்று பார்க்காததும், கேட்காததும், சந்தேகப்படாததுமான புலால் பிக்குவுக்கு விலக்கில்லை என்று பந்தே விளக்கினார். அதன்பின் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பாய் வீட்டுச் சோற்றிலிருந்து ஒரு பங்கு வந்தது. ரம்ஜான் மாதத்தில் பாய் வீட்டார் தாங்கள் நோன்பிருந்தபடியே பந்தேவுக்குச் சமைத்து, ருசி பார்க்க முடியாமல் உப்பைக் கணக்காகப் போட்டு அனுப்பினார்கள். அந்த உப்பு ஒருநாளும் தப்பவில்லை. மணிமேகலையின் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள் ஆதிரை என்பதைப் பந்தே விடாமல் நினைவூட்டுவார். பாத்திரத்தைப் பற்றிப் பேசும் ஊர், அதை முதலில் நிரப்பியவளைப் பற்றியும் பேச வேண்டும் என்பார்.

இறுதி ஊர்வலத்தன்று கானா பாடும் தம்பிகள் வந்து, பாடலாமா கூடாதா என்று தயங்கி நின்றார்கள். மூத்த பிக்கு அவர்களைப் பார்த்து, 'இந்தத் தெருவின் அழுகை அதுதான் என்றால் பாடுங்கள்' என்றார். மேளம் இல்லாமல், தரையில் உட்கார்ந்து, தொடையில் தாளம் போட்டு மெதுவாகப் பாடினார்கள். பிறகு பிக்குகள், தோன்றியவை எல்லாம் நிலையற்றவை என்னும் பொருளில், 'அனிச்சா வத சங்காரா' என்று ஓதத் தொடங்கினார்கள். இரண்டும் ஒரே காற்றில் கலந்திருந்தன. பாடிய தம்பிகளுக்கும், பெரம்பூர் நெடுஞ்சாலையில் போக்குவரத்தை நிறுத்தி வழிவிட்ட காவலருக்கும், ஒரு ரூபாய் கூட வாங்காமல் பூ கொடுத்த பூக்காரப் பெரியம்மாவுக்கும் நன்றி.

இறந்த பிக்குவின் உடைமை சங்கத்துக்கு உரியது. ஆனால் அவருடைய பாத்திரத்தையும் சீவரத்தையும் நோயில் பணிவிடை செய்தவர்களுக்கே சங்கம் கொடுக்கலாம் என்று புத்தர் அனுமதித்திருக்கிறார். பெறுபவர் பிக்குவாகவோ, சாமணேரர் என்னும் இளந்துறவியாகவோ இருக்க வேண்டும். இரவுக் காவல் இருந்த தம்பிகளில் ஒருவர் சென்ற வைசாகப் பௌர்ணமியன்று சாமணேரராகத் தீட்சை பெற்றதை அறிவீர்கள். ஏழாம் நாள் கூடிய சங்கம் பந்தேவின் பாத்திரத்தை அவருக்கு அளித்தது. மறுநாள் காலை அவர் நம் தெருவில் பிச்சைக்கு வந்தார். என் வாசலில் நின்றபோது அந்தப் பாத்திரத்தின் விளிம்பில் இருந்த பழைய நசுங்கலை அடையாளம் கண்டேன். அன்று வீட்டில் உப்புமாதான் இருந்தது. இட்டேன்.

மற்றவர்களுக்குக் கொடுக்க வினயத்தில் வழி இல்லை. ஆட்டோ அண்ணனுக்கு, காசிமேட்டுத் தம்பிக்கு, பாய்க்கு, அக்காவுக்கு அந்தப் பாத்திரத்தில் பங்கு உண்டு என்பது என் மனம் அறியும். அதனால்தான் உங்கள் பாத்திரங்களை நானே வீடு வீடாகக் கொண்டுவந்து தருகிறேன்.

பெயர் பொறித்தவற்றையெல்லாம் சேர்த்துவிட்டேன். பெயரில்லாதவற்றில் பெரும்பாலானவற்றை யாருடையவை என்று கேட்டுக் கண்டுபிடித்துவிட்டோம். ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கிறது. மூன்றடுக்கு எவர்சில்வர் கேரியர், கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றியது. வியாழக்கிழமைதோறும் பத்து மணிக்குள் விகாரையின் கம்பிக் கதவில் தொங்கும். மேல் அடுக்கில் எப்போதும் மிளகு ரசம். கொண்டுவந்தவரை யாரும் பார்த்ததில்லை. கடைசி வியாழனன்று பந்தே ஒரு கரண்டி குடித்தது அந்த ரசத்தைத்தான்.

அதைக் கழுவித் துடைத்து, உள்ளே சர்க்கரையும் இந்த மடலின் ஒரு படியும் வைத்து, அதே கதவில் மாட்டியிருக்கிறேன். வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.