முப்பந்தல், ஆரல்வாய்மொழி காற்றாலை வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இறக்கைப் பழுதைக் கண்டுபிடிக்க உங்கள் ஆலைகளில் நாங்கள் பொருத்தும் கருவியைப் பற்றி, "அவங்க சென்சார் சும்மா கத்தும்" என்ற பேச்சு டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. நடந்ததை நாங்களே சொல்லிவிடுகிறோம்.

வைகாசியில் ஓர் ஆலையின் இறக்கைக்குள் கண்ணாடி இழை அடுக்குகள் பிரிந்திருப்பதாக எங்கள் கருவி எச்சரித்தது. நிறுத்தச் சொன்னோம். நல்ல சீசனில் இரண்டு நாள் காற்று வீணாகப் போயிற்று. கயிற்றில் இறங்கிச் சுத்தியலால் தட்டினால், புதுப் பானை மாதிரி கணீரென்று சத்தம். அடுக்கு பிரிந்திருந்தால் 'டொக்' என்று செத்த சத்தம்தான் வரும்.

இறக்கையில் பீசோ சில்லுகளை ஒட்டியிருக்கிறோம்; மின்சாரம் கொடுத்தால் அதிரும், அதிர்ந்தால் மின்சாரம் தரும் சில்லுகள் இவை. அவற்றில் ஒன்று 100 கிலோஹெர்ட்ஸ் அதிர்வை அனுப்பும், மற்றவை வாங்கும். அடுக்கு பிரிந்த இடத்தில் அலை சிதறிப் பிந்தி வரும். நல்ல நிலையில் எடுத்த பதிவோடு அதை ஒப்பிட்டுத்தான் பழுதைச் சொல்கிறோம். ஆனால் வெயிலில் அடுக்குகளை ஒட்டிவைத்திருக்கும் பிசின் லேசாக இளகினாலும் அலை பிந்தும். பழைய பதிவு மார்கழிக் காலையில், 23 டிகிரியில் எடுத்தது. புதியது உச்சி வெயிலில், 41 டிகிரியில். இறக்கையை அடுக்கடுக்காகக் கணினியில் அமைத்த மாதிரியிலும் ஒரே வெப்பநிலையைத்தான் கொடுத்திருந்தோம். அது எங்கள் பிழை, மன்னியுங்கள்.

ஆனால் "நல்ல ஆலையை நிறுத்திக் காசு பார்க்கிறார்கள்" என்பதைத்தான் தாங்க முடியவில்லை. எங்களுக்கு வருட ஒப்பந்தம். ஆலை நின்றால் ஒரு பைசா கூடுதலாக வராது. அந்த இரண்டு நாள் கயிற்று வேலைக்கும் பில் போடவில்லை. உள்ளே பிரிந்த அடுக்கு மேல் பெயிண்டில் தெரியாது. ஒவ்வொரு சுற்றிலும் இறக்கை தன் எடையாலேயே இப்படியும் அப்படியும் வளைய, பிரிந்த இடம் பெரிதாகிக்கொண்டே போகும். அந்தப் பயத்தில்தான் நிறுத்தச் சொன்னோம். வேறு எண்ணம் சத்தியமாக இல்லை.

இனி ஒவ்வொரு இறக்கைக்கும் காலை, உச்சி, மாலை என்று தனித்தனிப் பதிவு எடுப்போம். சில்லுகளின் பக்கத்திலேயே வெப்பமானியும் இருக்கும். எச்சரிக்கை வந்தால் அன்றைக்கே ஆள் ஏறித் தட்டிப் பார்ப்பார். பதிவு எடுக்கும் நாளில் ஆலை மூன்று தடவை நிற்கும். ஆடி முதல் கட்டணம் சற்றுக் கூடும், விவரம் பில்லோடு வரும்.

அந்த ஆலைக்கார அண்ணாச்சி கோபத்திலும் கருவியைக் கழற்றச் சொல்லவில்லை. "சரி, அடுத்த தடவை பாத்துச் சொல்லுங்க" என்றார். ரப்பர் சுத்தியலும் கயிறும் மட்டும் வைத்திருந்த நாளிலிருந்து எங்களைக் கூப்பிடும் உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

புதன்கிழமை முதல் வருகிறோம். வெயில் ஏறுமுன் முதல் பதிவு எடுக்க வேண்டும். காலை 6 மணிக்குக் கேட்டைத் திறந்துவைக்கக் காவலரிடம் சொல்லிவிடுங்கள்.