கப்பல் மூழ்கிய அன்றே நின்ற சம்பளம்

ஆசிரியர் அவர்களுக்கு,

போர்க்காலத்தில் பொதுமக்கள் செய்யும் உதவி பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நிதி கொடுத்தது, ரத்தம் கொடுத்தது, அலுமினியப் பாத்திரம் கொடுத்தது என்று நெகிழ நெகிழ எழுதியிருந்தீர்கள். சரி. கொடுத்தவர்களுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதைத்தான் காணோம்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்கு உணவும் எண்ணெயும் சுமந்து வந்தவர்கள் வணிகக் கப்பல் மாலுமிகள். படைவீரர்கள் அல்லர், கூலிக்கு வேலை பார்த்தவர்கள். ஆனாலும் ஜெர்மன் நீர்மூழ்கிகள் தேடித் தேடி அடித்தது இவர்களைத்தான். 30,000 பேருக்கு மேல் இறந்தார்கள். 1941 மே மாதம் வரை அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது: கப்பல் மூழ்கினால் அன்றோடு சம்பளமும் நிற்கும். தப்பித்து, உயிர்காப்புப் படகில் நாள்கணக்கில் தத்தளித்தாலும் அந்த நாட்களுக்குக் கூலி கிடையாது. கப்பலே இல்லை, அப்புறம் என்ன சம்பளம் என்பது முதலாளி கணக்கு. அமெரிக்காவிலும் வணிக மாலுமிகள் நீதிமன்றப் படியேறித்தான் முன்னாள் படைவீரர் தகுதியை வாங்கினார்கள். அது கிடைத்தது 1988-இல். அதற்குள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்!

1943 கடைசியில் பிரிட்டனில் படைக்கு அழைக்கப்பட்ட இளைஞர்களில் ஒரு பகுதியினரை, பதிவெண்ணின் கடைசி இலக்கத்தைக் குலுக்கலில் எடுத்து, நிலக்கரிச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். சீருடை இல்லாமல் தெருவில் நடந்ததால் போருக்குப் பயந்து ஒளிந்தவன் என்ற ஏச்சு வேறு. அவர்களுக்கு அரசு சட்டையில் குத்திக்கொள்ள ஒரு நினைவு பேட்ஜ் கொடுத்தது 2008-இல். முதல் உலகப் போரில் வெடிமருந்து ஆலைப் பெண்களின் தோலே மஞ்சளாகிப் போனது. ஊர் அதற்கு ஒரு செல்லப்பெயர் வைத்தது, அவ்வளவுதான்.

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. உக்ரைனில் 2022 முதல், வானில் ஏவுகணையோ டிரோனோ தெரிந்தால் பொதுமக்களே கைபேசிச் செயலியில் வான்பாதுகாப்புப் படைக்குத் தகவல் தரலாம். உயிர்களைக் காக்கும் வேலை, சந்தேகமில்லை. ஆனால் போரில் யாரைத் தாக்கக் கூடாது என்று சொல்லும் ஜெனீவா உடன்படிக்கைகளோடு 1977-இல் சேர்த்த முதலாவது கூடுதல் நெறிமுறை, சண்டையில் நேரடியாகப் பங்கெடுக்காத வரைதான் குடிமக்களுக்குப் பாதுகாப்பு என்கிறது. செயலியில் ஒரு பொத்தானை அழுத்துவது நேரடிப் பங்கா, இல்லையா? சட்டம் படித்தவர்களே இதில் ஒத்துப்போகவில்லை. பால்கனியில் நின்று அழுத்துகிறவருக்கு இப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாமல் இருக்கலாம்.

அடுத்த முறை இதே பொருளில் எழுதும்போது, மக்களிடம் உதவி கேட்கும் அரசு அதிலுள்ள ஆபத்தையும் முன்கூட்டியே சொல்ல வேண்டுமா, அடிபட்டால் யார் பொறுப்பு என்று உங்கள் கட்டுரையாளரைக் கொஞ்சம் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்